பால் தராத மாதங்கள்

சினைமாட்டுக்குத் தீனி போடுவது தர்மமா, முதலீடா? மாடு வளர்த்த யாரிடமாவது இப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். "ரெண்டும்தான், இதுல என்ன கேள்வி?" என்பார்கள். அந்தப் பதிலோடு விட்டுவிடலாம்தான். ஆனால் தேயிலைத் தோட்டத்து மாடுகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த 'ரெண்டும்தான்' என்ற சொல்லுக்குள் பிரித்துப் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

காரணம், அங்கே மாடு தின்கிற புல் மாட்டுக்காரருடையது இல்லை. சமவெளியில் மாடு வைத்திருப்பவர் வருஷம் முழுக்க ஏதோ ஒரு வகையில் செலவு செய்துகொண்டே இருக்கிறார். சொந்த நிலத்துச் சோளத்தட்டு, விலைக்கு வாங்கிய வைக்கோல், தவிடு. அவர் கொடுப்பதும் பெறுவதும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். தோட்டத்தில் அப்படி இல்லை. அங்கே மாடு காலையில் அவிழ்த்துவிட்டால் தானே மேய்ந்து, தானே வயிற்றை நிரப்பி, மடி நிறையத் திரும்பி வருகிறது. வீட்டார் தருவது கயிறு, கூரை, கழுநீர். பெறுவது பால், சாணி. இந்தக் கணக்கு தலைகீழாகும் காலம் ஒன்று உண்டு. கன்று போடுவதற்கு முந்தைய இரண்டு மாதம். அப்போது மாடு ஒன்றும் தராது. அப்போதுதான் வீட்டிலிருந்து நிறையப் போட வேண்டியிருக்கும். கொடுப்பதும் பெறுவதும் இவ்வளவு துல்லியமாகப் பிரிந்து நிற்கும் இடம் வேறு எங்கும் எனக்குத் தென்படவில்லை. அதனால்தான் கேள்வியை அங்கே வைத்துக் கேட்கிறேன்.

*

ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. 1890-களில் காட்டை அழித்து முதலில் காப்பியும் பிறகு தேயிலையும் போட்ட பீடபூமி. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், நடுவில் தேயிலை, தேயிலைக்கு நடுவே லைன் வீடுகள். சில வீடுகளை ஒட்டித் தகரமும் பலகையும் வைத்து அடித்த மாட்டுக் கொட்டகை. நான் பிறந்தது அப்படி ஒரு லைனில். இப்போது கோயம்புத்தூரில் பாக்கெட் பால் வாங்குகிறவன். இந்த இரண்டு தகவலும் இந்தக் கட்டுரைக்குத் தேவைப்படும் என்பதால் சொல்லிவைக்கிறேன்.

தேயிலையை மாடு பொதுவாகச் சீண்டுவதில்லை. தோட்டத்தில் மாடு இருக்க முடிவதே இதனால்தான். அது தின்பது சாலை ஓரத்துப் புல், ஓடைக்கரைப் புல், விறகுக்காட்டின் அடிப்புல், தேயிலை வரிசைகளுக்கு நடுவில் முளைக்கும் களை. கம்பெனியின் கணக்கில் அந்தப் புல்லுக்கு விலை கிடையாது. சொல்லப்போனால் எதிர்மறை விலைதான் உண்டு. அதை ஒழிக்க ஆளுக்குக் கூலி கொடுத்துக் களைக்கொல்லி அடிக்கிறார்கள். மாடு மேய்வதால் கம்பெனிக்கு வரும் நஷ்டம் வேறு வகையானது. வடிகால் கரை மிதிபட்டு இடியும், புதிதாக நட்ட கன்றுகள் முறியும். ஆகவே மாடு வைப்பது அனுமதியும் மறுப்பும் கலந்த ஓர் ஏற்பாடாகவே இருந்து வந்திருக்கிறது. வீட்டுக்கு எத்தனை மாடு, எந்த மலையில் மேயலாம் என்பதெல்லாம் தோட்டத்துக்குத் தோட்டம், துரைக்குத் துரை மாறும். எழுத்தில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. கண்டும் காணாமல் விடுவதுதான் சட்டம்.

யாருக்கும் வேண்டாத புல்லை மாடு பாலாக்கித் தருகிறது. பால் லைன் வீடுகளுக்கும் டீக்கடைக்கும் போகிறது. வாரக்கூலிக்கும் மாதச் சம்பளத்துக்கும் நடுவே கையில் புழங்கும் காசு அதுதான். பள்ளிக்கூட ஃபீஸ், சீட்டுப் பணம், ஊருக்குப் போகும் பஸ் செலவு எல்லாம் அதிலிருந்து வரும். இதில் மாட்டுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்ற கேள்வி சாதாரண நாட்களில் எழுவதே இல்லை. அது தானாகத் தின்கிறது, தானாகத் தருகிறது. கடன் என்ற சொல்லே அங்கே பொருந்தாதது போல இருக்கும்.

*

சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். முதல் ஆறு மாதம் கன்று வளர்வது வெளியே அதிகம் தெரியாது, கறவையும் நிற்காது. பிறக்கும்போது கன்றுக்கு இருக்கும் எடையில் பாதிக்கு மேல் கடைசி மூன்று மாதத்தில்தான் ஏறுகிறது. கடைசி இரண்டு மாதம் பாலை வற்றவிட வேண்டும் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது மடி ஓய்வெடுக்கவும் உடம்பு தேறவும்தான். ஆனால் அதே நாட்களில் வயிற்றுக்குள் கன்று பெரிதாகப் பெரிதாக, இரைப்பைக்கு இடம் குறைந்துகொண்டே வருகிறது. தேவை கூடும் நேரத்தில் கொள்ளும் அளவு குறைகிறது. அதனால் குறைந்த அளவில் நிறையச் சத்துள்ள தீனி வேண்டும். வழக்கமாகப் போடுவதற்கு மேல் தினம் ஒரு கிலோவிலிருந்து ஒன்றரை கிலோ வரை அடர்தீவனம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. புண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை, மக்காச்சோள மாவு என்று வீட்டுக்கு வீடு கலவை மாறும்.

மலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜூனில் தொடங்கி செப்டம்பர் வரை விடாத மழை. எங்கு பார்த்தாலும் பச்சை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் "இங்கே மாட்டுக்கு என்ன குறை?" என்பார்கள். அந்த மழைப்புல்லில் பெரும்பகுதி தண்ணீர். வயிற்றை ரொப்பும், உடம்பில் ஒட்டாது. பச்சைக்கு நடுவே நின்றுகொண்டு சினைமாடு இளைத்துப்போகும். தீவன மூட்டையோ கீழே பொள்ளாச்சியிலிருந்து ஏறி வர வேண்டும். ஒரு மூட்டைக்கு இரண்டு மூன்று நாள் கொழுந்துக் கூலி போய்விடும்.

இனி போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். தீனி குறைந்த உடனே கன்றின் வளர்ச்சி நின்றுவிடுவதில்லை. தாய் தன் கொழுப்பைக் கரைத்துக் கொடுக்கிறது. அது தீர்ந்தால் சதையைக் கரைத்துக் கொடுக்கிறது. கன்று போட்ட அன்று சீம்பாலுக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து ரத்தத்திலிருந்து சரேலென்று மடிக்கு இறங்குகிறது. எலும்பிலிருந்து அதே வேகத்தில் ஈடுகட்ட முடியாத மாடு, குறிப்பாக இரண்டு மூன்று ஈத்துக்கு மேல் கண்ட கலப்பினக் கறவை, எழ முடியாமல் கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்துவிடும். இதைப் பால்சுரம் என்கிறார்கள். பேர்தான் சுரம், தொட்டால் காது சில்லென்று இருக்கும். டாக்டர் வந்து நரம்பில் கால்சியம் ஏற்றினால் பெரும்பாலும் எழுந்துவிடும். மலைச்சாலையில் டாக்டர் வந்து சேரத் தாமதமானால் போய்விடும்.

அதாவது, நாம் கொடுப்பதை நிறுத்தலாம். மாடு நிறுத்தாது. அதற்கு அந்த வழி கிடையாது. தொழுவத்துத் தொட்டி காலியாக இருந்தாலும் கொடுக்கும் வேலை உள்ளே நடந்துகொண்டேதான் இருக்கும். தொட்டியில் போடாத ஒவ்வொரு கிலோவும் மாட்டின் உடம்பிலிருந்து எடுக்கப்படுகிறது. சும்மா இருப்பது என்ற நடுநிலை நமக்கு அங்கே இல்லை. போடாமல் இருப்பதும் ஒருவகைக் கறவைதான்.

*

எங்கள் லைனில் மாடு வைத்திருந்த ஒரு பெரியம்மாவிடம் ஒருமுறை வெளிப்படையாகவே கேட்டேன். "பெரியம்மா, பால் வரும்னுதானே இவ்வளவு போடறீங்க?"

"பின்ன? வராதுன்னா நான் ஏன் கண்ணு போடறேன்? இல்லைன்னு சொன்னா சாமி கண்ணக் குத்தும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா போடறப்ப அந்த நெனப்பு வராது. அது தலைய ஆட்டிக்கிட்டு வாளியப் பாக்கும் பாரு, அப்ப பால் நெனப்பு எங்க வருது?" என்றார்.

1785-இல் வெளிவந்த தன் அறநூலில் இம்மானுவேல் காண்ட் ஒரு கடைக்காரரை உதாரணம் காட்டுகிறார். அவர் சின்னப் பிள்ளைக்கும் சரியான விலைக்கே சாமான் கொடுக்கிறார். ஏமாற்றினால் கடைப்பெயர் கெட்டு வியாபாரம் படுத்துவிடும் என்பதற்காகக் கொடுக்கிறார். செயல் சரியானதுதான், ஆனால் அதற்கு அற மதிப்பு இல்லை என்பது காண்டின் முடிவு. கடமை என்பதற்காகச் செய்தால்தான் அற மதிப்பு. இந்தத் தராசில் வைத்தால் பெரியம்மாவின் தவிட்டு வாளி கடைக்காரரின் சரியான சில்லறைதான். முதலீடு. அவ்வளவுதான்.

காண்டைக் குறுக்கிவிடவும் கூடாது. மனிதர்களை வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே என்றுதான் அவர் சொன்னார். அந்த 'மட்டும்' என்பது முக்கியமான சொல். பயன் பெறுவதை அவர் தடுக்கவில்லை, பயனோடு உறவு முடிந்துவிடுவதைத்தான் தடுத்தார். ஆனால் விலங்குகளை அந்த வட்டத்துக்குள் அவர் சேர்க்கவில்லை. விசுவாசமாக உழைத்த நாய் கிழடாகி உதவாமல் போனாலும் எஜமானர் அதைச் சாகும்வரை வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று தன் வகுப்புகளில் சொன்னவர், அது நாய்க்குச் செய்யும் கடமை ஆகாது, மனிதத்தன்மைக்குச் செய்யும் கடமை என்றார். நாயிடம் கல்லாகிப் பழகியவன் மனிதரிடமும் கல்லாகிவிடுவான் என்பதுதான் காரணம்.

எனக்கு இந்த இரண்டு இடத்திலும் உறுத்தல் இருக்கிறது. முதலாவது, பெரியம்மாவின் பதிலில் இருந்த இரண்டு பாதிகளையும் காண்டின் தராசு ஒன்றாக நிறுக்க முடியாது. பால் வேண்டும் என்பதும் உண்மை, வாளியை நீட்டும்போது பால் நினைப்பு இல்லை என்பதும் உண்மை. ஒன்று மற்றதைப் பொய்யாக்கவில்லை. ஏழை வீட்டில் பயனையும் பாசத்தையும் தனித்தனி அறையில் வைக்க இடம் கிடையாது, எல்லாம் ஒரே அடுப்படியில்தான். எந்த எண்ணத்தோடு போட்டாய் என்று கேட்பதைவிட, பயனும் கடமையும் எந்த இடத்தில் பிரிந்தன, அங்கே எந்தப் பக்கம் போனாய் என்று கேட்பதுதான் நியாயமான சோதனை. அந்த இடங்கள் மாடு வளர்ப்பில் தெளிவாகவே உண்டு. போட்டது காளைக்கன்று என்றால். மூன்று தடவை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை என்றால். சினைமாட்டுக்குச் சிறுத்தை கீறல் போட்டு, இனி பிழைத்தாலும் பழைய கறவை வராது என்று தெரிந்துவிட்டால்.

இரண்டாவது உறுத்தல்தான் பெரியது. நாய்க்கோ மாட்டுக்கோ நேரடியாக நாம் எதுவும் கடன்பட்டிருக்கவில்லை, நம் மனம் கெட்டுவிடாமல் இருக்கத்தான் கருணை என்றால், வாளியை எதிர்பார்த்துத் தலையை ஆட்டும் அந்த உயிர் இந்தக் கணக்கில் வெறும் பயிற்சிப் பலகை ஆகிவிடுகிறது. அந்தக் கடனை மாட்டின் பேரிலேயே எழுத முடியாதா?

*

நம் பக்கத்தில் இதற்கு உடனே ஞாபகத்துக்கு வருகிறவர் வள்ளலார். பசி என்பதே போதுமான காரணம், யாருடைய பசி, ஏன் பசி என்று கேட்காதே என்பது அவருடைய ஜீவகாருண்யம். 1867-இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி, அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. இந்த இடத்தில் மாட்டுக்கான கடனை நேரடியாக எழுதிவிடலாம். அது பசியோடு இருக்கிறது, ஆகவே போடு.

ஆனால் வால்பாறையில் நின்று பார்க்கும்போது இங்கேயும் ஒரு சிக்கல் வருகிறது. அதே தேயிலைச் சரிவில், அதே மழையில், காட்டுமாடுகளும் மேய்கின்றன. காலையில் கொழுந்து எடுக்கப் போகும்போது பனிக்குள் கறுப்பாகப் பாறை மாதிரி நிற்கும். அவற்றிலும் சினையானவை உண்டு. அவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்பது மாதக் கணக்குத்தான். அவற்றின் வயிற்றிலும் கன்று இடத்தை அடைக்கிறது, அவையும் தண்ணீர்ப்புல்லைத்தான் தின்கின்றன. யாரும் காட்டுமாட்டுக்குத் தவிடு வைப்பதில்லை. வைக்கக் கூடாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். வைத்தால் அது லைனுக்குப் பழகும், மனிதரை முட்டும், கடைசியில் அதுவும் கெடும். பசி ஒன்றுதான் கடமையை உண்டாக்குகிறது என்றால் இந்த இரண்டு சினைக்கும் நடுவே நாம் வேற்றுமை காட்டக் கூடாது. ஆனால் காட்டுகிறோம், அது சரி என்றும் படுகிறது. ஏன்?

நெடுநாள் யோசித்ததில் எனக்குக் கிடைத்த பதில் ரொம்பச் சாதாரணமானது. வீட்டு மாட்டின் கழுத்தில் கயிறு இருக்கிறது.

காட்டுமாடு புல் போதவில்லையென்றால் மலை இறங்கும், சோலைக்குள் போகும், உப்புத்தரை தேடும். போக இடம் இருக்கிறவரை அதன் பசிக்கு அதனிடமே பதில் உண்டு. அதற்கு நாம் கடன்பட்டிருப்பது தீனியை இல்லை, வழியை. அது நடக்கும் பாதையில் வேலி போடாமல் இருப்பதும், மிஞ்சிய சோலையை வெட்டாமல் இருப்பதும்தான் அதற்கான நம் கடன். அந்தக் கடனைத் தோட்டங்கள் எவ்வளவு தீர்த்தன என்பது தனிக் கதை. வீட்டு மாட்டுக்கு அந்த வழியை நாம் மூடிவிட்டோம். எப்போது மேய வேண்டும், எப்போது திரும்ப வேண்டும், எந்தக் காளையின் விந்து, எத்தனை லிட்டர் மடி என்று எல்லாவற்றையும் நாம் முடிவு செய்தோம். அதிகப் பால் தருவதற்கென்றே கலப்பினம் ஆக்கினோம். மலைப்புல்லுக்குத் தாங்காத மடியை அதன் உடம்பில் வைத்தது நாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சிறுத்தைக்குப் பயந்து கொட்டகையில் கட்டுகிறோம், சரிதான், கட்டத்தான் வேண்டும். ஆனால் கட்டிய பிறகு அதன் பசி அதன் பசி மட்டும் இல்லை. தானே தீர்த்துக்கொள்ளும் வழியை நாம் எடுத்துக்கொண்டதால், அது நம்மால் நின்றுகொண்டிருக்கிற பசி. வள்ளலாரின் அடுப்பை மறுப்பதாக இதை நான் நினைக்கவில்லை. எல்லாப் பசிக்கும் மனம் இரங்கலாம், இரங்க வேண்டும். ஆனால் கயிற்றின் மறுமுனை யார் கையில் இருக்கிறதோ அவருக்கு இரக்கம் வந்தாலும் வராவிட்டாலும் கடன் உண்டு.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அன்பு, கருணை என்ற சொற்களே இல்லாத ஒரு சட்டத்தில் இது ஏற்கெனவே இருக்கிறது. 1871-ஆம் வருஷத்துக் கால்நடை அத்துமீறல் சட்டம். பிறர் நிலத்தில் புகுந்து பயிரைச் சேதம் செய்யும் மாட்டை நிலத்துக்காரர் பிடித்து, 24 மணி நேரத்துக்குள் கொண்டித்தொழுவுக்கு, ஜனங்கள் 'பவுண்டு' என்று சொல்வதற்கு, அனுப்பலாம். உடையவர் வந்து அபராதம் கட்டி மீட்க வேண்டும். குறிப்பிட்ட நாளுக்குள் வராவிட்டால் ஏலம். நிலவுடைமையைக் காப்பாற்றுவதற்கென்றே காலனி அரசு போட்ட, இரக்கமில்லாத சட்டம்தான். ஆனால் அதில் ஒரு விதி உண்டு. தொழுவில் மாடு இருக்கும்வரை அதற்குத் தீனியும் தண்ணீரும் கொடுக்க வேண்டியது தொழுக்காரரின் பொறுப்பு. செலவைப் பிறகு உடையவரிடம் வசூலித்துக்கொள்ளலாம், போடாமல் இருக்கக் கூடாது. மாடு அங்கே குற்றவாளி. தொழுக்காரருக்கு அதனால் ஒரு சொட்டுப் பால் கிடையாது. அதன் பேரில் அவருக்குப் பாசமும் இல்லை. இருந்தும் போட வேண்டும். ஏனென்றால் அடைத்தவர் அவர்.

*

இவ்வளவு தூரம் வந்தபின் வேறொன்றைச் சொல்லாமல் விட்டால் நான் லைனில் பிறந்ததற்கு அர்த்தமில்லை. இதே கேள்வி தோட்டத்தில் மனிதர்களைப் பற்றியும் கேட்கப்பட்டது.

கர்ப்பிணியாக இருக்கும் தொழிலாளி கொழுந்து எடுக்க முடியாத மாதங்களில் அவளுக்கு யார் சோறு போடுவது? 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், 1961-இன் பேறுகாலப் பயன் சட்டம் இரண்டும் கம்பெனி என்று பதில் சொன்னன. முதலில் பன்னிரண்டு வாரச் சம்பளம், 2017-இன் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம். அதற்கும் ஒரு நிபந்தனை. பிரசவத்துக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் குறைந்தது 80 நாளாவது வேலை செய்திருக்க வேண்டும். 80 நாள் கறந்தால்தான் வற்றுக்காலத் தீனி. லைன் வீடும் அப்படித்தான். வேலையில் இருக்கும்வரை கூரை, பணி ஓய்வு வந்தால் காலி செய்ய வேண்டும். கம்பெனிகள் கொடுத்ததை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது பெரியம்மாவின் வாளியில் இருந்த முதல் பாதியோடு நின்றுவிட்டது. இரண்டாம் பாதி அங்கே இல்லை.

இந்த ஒப்புமை எனக்கே கசக்கிறது. மனிதரை மாட்டோடு வைத்துப் பேசுவது தோட்டத்துக்காரர்கள் நெடுநாள் செய்த வேலை. வித்தியாசம் இருக்கிறது, அது பெரிய வித்தியாசம். தொழிலாளிக்கு வாய் இருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறில் போனஸைக் குறைத்தபோது, தொழிற்சங்கத் தலைவர்களைக்கூடப் பக்கத்தில் சேர்க்காமல் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் நடுரோட்டில் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று உலகத்துக்கே தெரிந்தது. தாங்கள் கொழுந்து எடுக்கும் கை மட்டும் இல்லை என்பதைத் தாங்களே சொல்லிக்கொண்டார்கள். அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் 12 வாரம் 26 வாரம் ஆகிறது.

மாடு உட்காராது. அதற்குச் சங்கம் இல்லை. உரிமை என்பது கேட்டு வாங்குவதுதான் என்றால், கேட்க முடியாததற்கு உரிமையே இல்லை என்றாகிவிடும். சினைமாட்டின் முன் நிற்கும்போது அறக்கேள்வி இவ்வளவு மொட்டையாக வந்து நிற்பது இதனால்தான். அங்கே நம்மை வற்புறுத்த ஒருவரும் இல்லை, கயிற்றைத் தவிர.

ஆனால் உடனே இன்னொரு நியாயம் எழும்புகிறது. 'மாட்டின் கயிறு அந்தப் பெரியம்மாவின் கையில். ஆகவே கடனும் அவர் தலையில்' என்று முடித்துவிட்டு நான் நகரத்தில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா? மூன்று நாள் கூலியைக் கொடுத்து ஒரு மூட்டைத் தீவனம் வாங்குகிற வீட்டில், அந்த வாரம் பிள்ளைகளுக்கு முட்டை இல்லை. ஒரு சினை வயிற்றுக்குப் போட இன்னொரு வயிற்றிலிருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் வேலைநாளும் குறைந்து, தீவனக் கடைக்காரர் கடன் தர மறுத்து, ஏழு மாதச் சினையை வியாபாரியிடம் கயிற்றோடு கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் போய்க் கடமையைப் பற்றிப் பேச யாருக்கு வாய் வரும்?

கயிறு எங்கே முடிகிறது என்று சரியாகப் பார்க்க வேண்டும். அது பெரியம்மாவின் கையில் முடிந்துவிடவில்லை. பால் லைனோடு நிற்காமல் டீக்கடைக்கும், கூட்டுறவுச் சங்கத்துக்கும், டவுனுக்கும் போகும் இடத்திலெல்லாம் கயிறும் போகிறது. சங்கத்தில் பாலை ஊற்றும்போது கொழுப்பையும் மற்றத் திடப்பொருளையும் அளந்து, லிட்டருக்கு இவ்வளவு என்று சீட்டுப் போடுகிறார்கள். பால் ஊற்றாத நாளுக்கு அந்தச் சீட்டில் வரி கிடையாது. ஆனால் அந்த இரண்டு மாதத்துத் தீனி இல்லாமல் அடுத்த ஈத்துப் பால் கிடையாது. அதாவது கோயம்புத்தூரில் நான் வாங்கும் எந்தப் பாக்கெட்டிலும், எங்கோ ஒரு மாடு பால் தராத மாதங்கள் இருக்கின்றன. அதற்கான விலையை யாரோ கட்டித்தான் ஆக வேண்டும். நான் கட்டவில்லையென்றால் மாடு வைத்திருப்பவர் கட்டுகிறார். அவராலும் முடியாவிட்டால் மாடு தன் உடம்பிலிருந்து கட்டுகிறது. நான்காவது ஆள் இல்லை. 'பால் விலை ஏறிப்போச்சு' என்று நாம் புலம்பும்போது உண்மையில் பேரம் பேசுவது அந்தக் கடைசி ஆளிடம்தான். நாம் வாயில்லா ஜீவன் என்று சொல்லுகிற அந்த ஆளிடம்.

கம்பெனியின் கையிலும் கயிற்றின் ஒரு முறுக்கு இருக்கிறது. மருந்து அடிக்கப்போகும் மலை எது என்று முந்தின நாளே லைனில் சொல்லிவிட ஒரு பைசா செலவில்லை. சினைமாடு மருந்துப்புல்லைத் தின்காமல் இருக்க அது போதும். ஓடைக்கரையை ஒட்டி ஒரு துண்டு நிலத்தில் கோ-4 மாதிரி தீவனப்புல் போட்டுக்கொள்ள விட்டால் தேயிலைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சினைமாட்டுக்கு ஏழாம் மாதம் இரண்டு மூட்டைத் தீவனத்தை முன்பணமாகக் கொடுத்து, கன்று போட்டபின் பாலில் கழித்துக்கொள்ளச் சங்கங்களால் முடியும். இவை எதுவும் பெரிய தியாகம் கேட்கும் காரியங்கள் இல்லை. மாடு பால் தராத காலத்திலும் அதே மாடுதான் என்று கணக்குப் புத்தகத்தில் ஒப்புக்கொள்வது மட்டும்தான் தேவை.

இப்போது தோட்டங்களில் ஆட்கள் குறைந்துவருகிறார்கள். பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிவிட்டார்கள். ஓய்வு பெறுகிறவர்கள் வீட்டைக் காலி செய்யும்போது மாட்டை என்ன செய்வது என்ற பேச்சு கட்டாயம் வருகிறது. டவுனில் வாடகை வீட்டில் மாடு கட்ட இடம் இல்லை. சினையாக இருந்தால் நல்ல விலை போகும் என்பார்கள், போகவும் செய்யும். பெரியம்மாவும் அப்படித்தான் விற்றார். வாங்க வந்தவரிடம் பல்லைப் பார்க்கவிட்டு, விலை பேசி, பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு கொட்டகைக்குள் போய் அரை மூட்டைத் தவிட்டையும் மீதியிருந்த புண்ணாக்கையும் எடுத்து வந்து வண்டியில் வைத்தார். வியாபாரி, "இதுக்கு எவ்வளவும்மா?" என்று கேட்டார்.

"அதுக்கு ஒண்ணும் வேண்டாம். அது அதோடது" என்றார் பெரியம்மா.